மூடுதுணிக்குள் இருப்பது வலம்புரியா?

கீழக்கரையில், கடலிலிருந்து நான்கு தெரு உள்ளே தள்ளி, ஒரு தகரக் கொட்டகையில் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். 320 ஒன்று சாம்பல் நிற மூடுதுணியின் கீழ் நிற்கிறது. 1996ஆம் ஆண்டு செய்யப்பட்ட, இரண்டே இருக்கைகள் கொண்ட, கூரை திறந்து மூடும் வண்டி அது. சிங்கப்பூரில் இருந்த வியாபாரத்தை முடித்துக்கொண்டு 1998இல் ஊர் திரும்பிய ஒருவர், சுங்கத் தீர்வையைக் கட்டித் தம்முடன் கொண்டுவந்தார். அவர் இருந்தவரை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஏர்வாடி வரை ஓடித் திரும்பும் வழக்கம் அந்த வண்டிக்கு இருந்தது. அவருக்குப் பின் மாதத்திற்கு ஒருமுறை எஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணைக்கிறார்கள். அவருடைய மகன் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: "காக்கா (அண்ணன்), வாப்பா வண்டிய இன்னும் பதினஞ்சு வருஷம் வச்சிருந்தா கோடிக்குப் போகும்ங்கிறாங்க. நெசந்தானா?"

மதுரையிலிருந்து வந்த ஒரு தரகர் போட்டுவிட்டுப் போன விதை அது. அதே தரகர் அந்த வண்டியை மலிவாகக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கோடிக்குப் போகும் பொருளை எதற்கு மலிவாகக் கேட்கவேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எனினும் கேள்வி வீணான கேள்வி அன்று. வயதான சொகுசு விளையாட்டு வண்டிகளில் (ஸ்போர்ட்ஸ் கார்களில்) சில உண்மையிலேயே புதையலாகின்றன, பல காயலான் கடைக்குப் போகின்றன, இரண்டுக்கும் இடையே எது எதைத் தீர்மானிக்கிறது என்பது ஆராயத்தக்கது. அந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதும் அதில் ஒரு காரணம் என்பதை, இராமநாதபுரம் கடற்கரையில் இரும்புக் கேட் வைத்திருக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எஸ்.எல். என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு பரம்பரை இருக்கிறது. 1954இல் வந்த 300 எஸ்.எல்., பந்தய வண்டியின் வழித்தோன்றல். கதவுகள் பறவையின் சிறகுகளைப் போல மேல்நோக்கித் திறக்கும் அந்த வகையில் மொத்தம் 1,400 வண்டிகளே செய்யப்பட்டன. 1963 முதல் 1971 வரை வந்த அடுத்த வகையின், கழற்றி மாட்டும் தனிக்கூரை நடுவில் சற்றே குழிந்திருந்ததால் பௌத்தக் கோயிலைக் குறிக்கும் 'பகோடா' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அதில் 48,912 வண்டிகள் வெளிவந்தன. அதற்குப் பின் வந்த ஆர்107 வகை 1971 முதல் 1989 வரை பதினெட்டு ஆண்டுகள் மாறாமல் விற்று 2,37,287ஐத் தொட்டது. நம் கொட்டகையில் நிற்பது நான்காவது தலைமுறை: புரூனோ சாக்கோவின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1989இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, 2001 வரை 2,04,940 வண்டிகளாக வெளிவந்த ஆர்129. வண்டி கவிழப்போகிறது என்று உணர்ந்தால் இருக்கைகளின் பின்னாலிருந்து 0.3 நொடிக்குள் தானே எழுந்து நிற்கும் பாதுகாப்பு வளைவு அதன் பெரும் புதுமை. டயானா இளவரசி 1991இல் இதே வகையில் சிவப்பு நிற 500 எஸ்.எல். ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டியபோது, பிரிட்டிஷ் வண்டி கிடைக்கவில்லையா என்று எழுந்த கண்டனத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அந்த வண்டி இன்று ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆக, வம்சத்திலோ புகழிலோ குறை இல்லை.

எண்ணிக்கைதான் இடிக்கிறது. இரண்டு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட பொருள் எப்படி அரும்பொருளாகும் என்பது இயல்பான ஐயம். இங்கேதான் கீழக்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடத் தெளிவு அதிகம் இருக்கவேண்டும், ஏனென்றால் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்த ஊர் அது. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. அவை அளவு பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டு வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போயின. பல்லாயிரத்தில் ஒன்றாகத் திருப்பம் மாறிக் கிடைக்கும் வலம்புரிக்கு மட்டும் பூசை அறையில் இடமும், கேட்ட விலையும் உண்டு. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் கிடைக்கும் வேறோர் இனத்துச் சங்கு இயல்பாகவே அந்தத் திசையில்தான் சுற்றியிருக்கும். அங்கே அது சாதாரணப் பண்டம். அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்று ஏமாற்றுவது நெடுநாளைய தொழில். அதாவது ஒரு பொருள் ஒரு கரையில் அரிதாகத் தோன்றுவதும் உண்மையில் அரிதாக இருப்பதும் ஒன்றல்ல. இராமநாதபுரம் மாவட்டத்தில் இந்த எஸ்.எல். போல இன்னொன்றைக் காண்பது கடினம் என்பதால் அது வலம்புரி ஆகிவிடாது. ஜெர்மனியில் அது வார இறுதியில் தெருவோரம் நிற்கும் வண்டி.

இருந்தும் எண்ணிக்கை மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. ஆர்129ஐவிட அதிகம் செய்யப்பட்ட ஆர்107, நல்ல நிலையில் இருந்தால் இன்று ஐரோப்பாவில் மதிப்புள்ள சேகரிப்பு வண்டி. எத்தனை செய்தார்கள் என்பதைவிட, எத்தனை கெடாமல் மிஞ்சின, அவற்றை விரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. இந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பதினைந்து வயதில் ஏங்கிய பொருளை ஐம்பது வயதில் வாங்குவதிலிருந்து வருகிறது. நம் ஊரிலேயே இதற்குக் கண்கூடான சான்று இருக்கிறது. 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி விளையாட்டுச் சொகுசு வண்டியும் அன்று, அரிதானதும் அன்று. ஆனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரிலும் நன்றாகப் பேணிய ஒன்று, புதிதாக விற்ற நாளின் விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களின் கையில் இப்போது பணம் இருக்கிறது, அவ்வளவுதான் இரகசியம். எஸ்.எல். வண்டியைப் பார்த்து ஏங்கி வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? 1990களில் நாம் கண்ட கனவு மாருதி 800 அளவில் நின்றது. அதற்கு மேல் போனால் கான்டெஸா, டாடா சியரா. எஸ்.எல். வண்டிக்கான ஏக்கம் பிராங்பர்ட்டிலும் லண்டனிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிறது. வண்டி ஓரிடத்திலும் ஏக்கம் ஓரிடத்திலும் இருந்தால் இடையில் கப்பலும் சட்டமும் வந்துவிடும். சிங்கப்பூர் வண்டி என்பதால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. எனவே வெளிநாட்டில் வாங்கக்கூடியவர்களிலும் ஜெர்மனியும் அமெரிக்காவும் கழிந்து, பிரிட்டன் போன்ற சில நாடுகளே மிஞ்சும்.

ஒரே மாதிரியிலும் எல்லா வண்டிக்கும் ஒரே விதி இல்லை. ஆர்129இல் உச்சத்தில் இருப்பது பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட 600. அது ஏறத்தாழ 11 ஆயிரமே செய்யப்பட்டது. அந்த எஞ்சின் குடும்பம்தான் பிறகு இத்தாலியின் அதிவேக வண்டியான பகானி சோண்டாவிலும் ஏறியது என்பதால் அதற்குத் தனி மரியாதை. எட்டு சிலிண்டர் 500 அடுத்த படி. 320 என்பது ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின்: உழைப்பில் குறைசொல்ல முடியாதது, ஆனால் ஏலத்தில் கைதூக்க வைப்பது அன்று. சேகரிப்பாளர்கள் முதலில் நாடுவது ஒரு குடும்பத்தின் உச்சத்தையும், தொடக்கத்தையும், கடைசியையும். நடுவில் பிறந்த பிள்ளைக்குக் கவனிப்பு குறைவு. புதியது பழையதைவிட மதிப்புள்ளது என்ற எண்ணமும் இங்கே செல்லாது. போர்ஷே 911 வரிசையில் காற்றால் குளிரும் எஞ்சினுடன் கடைசியாக வந்த 993 வகை 1998இல் நின்றது. அதன் இடத்துக்கு வந்த, நீரால் குளிரும் 996 வகை எல்லா அளவுகோலிலும் நவீனமானது, ஆனால் பழைய 993தான் பல மடங்கு விலை போகிறது. அதே நிறுவனம் 911க்கு மாற்றாக 1977இல் கொண்டுவந்த 928, மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த வண்டி என்ற பட்டத்தையும் பெற்றது. இருந்தும் பல்லாண்டுக் காலம் மலிவு விலையிலேயே கிடந்தது. இந்தச் சந்தை பொறியியலுக்கு மதிப்பெண் போடுவதில்லை.

அதோடு, ஏறிய விலை ஏறியபடியே நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. என்ஸோ ஃபெராரி 1988இல் இறந்ததையொட்டி அவருடைய வண்டிகளின் விலை கண்மண் தெரியாமல் ஏறியது, 1990களின் தொடக்கத்தில் அதே வேகத்தில் சரிந்தது. ஈமு கோழி வளர்த்துப் பார்த்த மாநிலத்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ஏலச் செய்திகளும் கண்ணை மறைக்கும்: 2022இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்றது உண்மைதான், ஆனால் உலகில் அந்த வண்டி இரண்டே இரண்டுதான் உண்டு. பெயரில் எஸ்.எல். என்ற எழுத்துகள் இருப்பதைத் தவிர நம் கொட்டகை வண்டிக்கும் அதற்கும் உறவு தூரத்து உறவு.

சட்டத்தின் பக்கம் திரும்பினால், நம் நாட்டில் வயதான வண்டிக்கு ஒரு வெறுங்காலம் இருப்பது தெரியவரும். பன்னாட்டுப் பழைய வண்டிக் கூட்டமைப்பான ஃபிவாவின் வரையறைப்படி, முப்பது ஆண்டு கடந்து, பழைய நிலை மாறாமல் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டி வரலாற்று வண்டியாகும். ஜெர்மனியும் முப்பதாவது ஆண்டிலேயே தனி எண்பலகை கொடுத்து வரியில் சலுகை தருகிறது. 1996இல் பிறந்த வண்டி 2026இல் அந்த வயதை எட்டிவிடும். ஆனால் 2021இல் நம் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதியில் பழம்பெரும் வண்டி என்ற தகுதிக்கும் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண்பலகைக்கும் ஐம்பது ஆண்டு ஆகியிருக்கவேண்டும். அதாவது 2046 வரை இது சட்டத்தின் பார்வையில் அருமை பெருமை எதுவுமில்லாத கிழட்டு வண்டி. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியின் ஆர்.சி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். இருபது ஆண்டைக் கடந்த, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2025இல் 80,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்த வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு 2028இல் வருகிறது. ஒரு தவணையைத் தவறவிட்டால் கட்டணத்தைவிட அலைச்சல்தான் பெரிது.

இன்னொரு விதி மாற்றம் யாரும் பேசாமல் கடந்துபோனது. முன்பு 1950க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளையே பழம்பொருளாக இறக்குமதி செய்ய முடிந்தது; 2025இல் அதை, செய்யப்பட்டு ஐம்பது ஆண்டு ஆன எந்த வண்டியும் என்று மாற்றிவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் கோடு ஓராண்டு முன்னே நகரும். இந்தியாவுக்குள் இருப்பதே அரிது என்ற ஒரே காரணத்தால் விலை பெற்றிருந்த பழைய வெளிநாட்டு வண்டிகளுக்கு இது நல்ல செய்தியன்று. விதி இப்படியே நீடித்தால் 2039இல் முதல் ஆர்129 வண்டிகள் ஐம்பதை எட்டி, கெடாத ஐரோப்பிய வண்டிகள் நம் துறைமுகங்களில் இறங்கலாம். நம் வண்டி தகுதி பெறும் முன்பே போட்டி வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது காற்றுதான். பாம்பனில் 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டதையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டதையும் நாம் கண்டோம். உலகில் மியாமிக்கு அடுத்தபடியாக இரும்பைத் தின்னும் இடம் பாம்பன் என்று சொல்வது வழக்கம். தரவரிசை எப்படியிருந்தாலும், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் நிறுத்தி அரிமானத்தை அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது காரணமில்லாமல் அன்று. வாடையில் பாக் நீரிணைப் பக்கமும், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் கீழக்கரைப் பக்கமும் கடல் குமுறும். அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் ஏறி, நீர் வற்றி, கண்ணுக்குத் தெரியாத உப்பாகப் படிகின்றன. கரையிலிருந்து உள்ளே போகப்போக அந்தப் படிவு வேகமாகக் குறைகிறது. எனவே நான்கு தெரு தள்ளி நிற்பதற்கும் பரமக்குடியில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு சில கிலோமீட்டர் மட்டும் அன்று.

மூடுதுணியும் தகரக் கூரையும் காப்பாற்றும் என்று நினைப்பது இயல்பு. சமையலறை உப்புச் சாடியை நினைத்துப் பார்த்தால் தவறு விளங்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்குகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும், நம் கரையில் காற்று அதற்குக் கீழே காய்வது அரிது. ஆகவே உப்பு படிந்த இரும்பு இங்கே மழை பெய்யாமலே நனைந்துதான் இருக்கிறது. துணி போட்டு மூடினால் வெயிலைத் தடுத்துவிடலாம், ஆனால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். காற்றில் துணி அசையும்போதெல்லாம் அதில் ஒட்டிய உப்பும் மணலும் பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத் தினமும் கழுவலாமா என்றால், எந்தத் தண்ணீரில் என்ற கேள்வி வருகிறது. கீழக்கரையில் போர் போட்டால் வருவது பெரும்பாலும் உவர்நீர். அதில் வண்டியைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதே. குடம் இத்தனை ரூபாய் என்று குடிக்க வாங்கும் தண்ணீரை வண்டிக்கு ஊற்ற அந்த வீட்டுப் பெண்கள் சம்மதிக்கவில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

இந்த வகை வண்டியில் துரு ஒளிந்துகொள்ளும் இடங்கள் தெரிந்தவையே. கதவுக்குக் கீழே உடல் நிறத்துக்கு இசைந்தாற்போல் பெரிய பிளாஸ்டிக் பலகைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றின் பின்னால் நடப்பது வெளியே தெரியாது. ஜாக்கி வைக்கும் நான்கு புள்ளிகளின் ரப்பர் மூடி விழுந்துவிட்டால் சேறும் உப்பும் நேராகப் பெட்டி போன்ற அடிச்சட்டத்துக்குள் புகும். பிரேக் எண்ணெய்க் குழாய்களும் பின் சக்கர அச்சைத் தாங்கும் சட்டமும் அடுத்த இலக்கு. மேலே ஷோரூம் கண்டிஷன், கீழே சல்லடை என்ற நிலை இதனால்தான் வருகிறது. தரகர்கள் காந்தம் கொண்டுவந்து வண்டி முழுக்க ஒட்டிப் பார்ப்பார்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் டிங்கரிங் செய்து பட்டி பூசியிருக்கிறது என்று பொருள். நம் தரகரும் ஒட்டிப் பார்த்தார், தனிக்கூரையில் காந்தம் பிடிக்கவில்லை என்று விலையைக் குறைத்தார். அந்தக் கூரை அலுமினியம் என்பது அவருக்குத் தெரியாதா, அல்லது நன்றாகவே தெரியுமா என்பது அவரவர் ஊகத்துக்கு உரியது. சங்கிலும் இப்படித்தான்: மேலே வழவழப்பாக இருந்தாலும் புழு துளைத்ததைக் கழித்துத்தான் கட்டுவார்கள்.

துருவைத் தவிர மற்ற நோய்கள் ஊர் பார்த்து வருவதில்லை. கூரையை மடக்கி விரிக்கும் எண்ணெய் அழுத்த உருளைகளின் உள் வளையங்கள் வயதாகிக் கசிந்து, எண்ணெய் உள்கூரையில் சொட்டும்; துணிக்கூரையின் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகி மங்கும். 1990களின் நடுப்பகுதி வரை வந்த இந்த எஞ்சின்களில் மின்கம்பிகளின் மேலுறை, சூட்டில் பொடிப்பொடியாக உதிரும் என்பது உலகறிந்த குறை; அதை மாற்றியிருக்கிறார்களா என்பதுதான் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். எலி கடித்த கம்பிக்கு எந்த நிறுவனமும் பொறுப்பில்லை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு 2025இல் நாடெங்கும் வந்துவிட்டது; எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் பொருள், அதை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் அது கெடுக்கும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது இதற்கெல்லாம் மருந்தாவதில்லை. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாமல் அணைந்தால், எரிதலில் உண்டான நீர் சைலன்ஸருக்குள்ளேயே தங்கி அதையும் உள்ளிருந்து அரிக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஏர்வாடி வரை ஓட்டினாரே பெரியவர், அதுதான் உண்மையான பராமரிப்பு.

இந்த வண்டிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய பெரிய செய்தி காகிதத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் வாங்கிய ரசீது, முதல் சர்வீஸ் புத்தகம், சென்னைத் துறைமுகத்தில் தீர்வை கட்டிய சுங்க ஆவணம், இரண்டு சாவிகள், திறக்கப்படாத கருவிப் பை, வண்டி இறங்கிய நாளில் எடுத்த படம் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வண்டி, சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகும் வண்டி, தீர்வை கட்டப்பட்டதற்குச் சான்று உள்ள வண்டி என்ற மூன்றும் சேர்ந்து அமைவது நம் நாட்டில் அடிக்கடி நிகழ்வதில்லை. தீர்வைச் சான்று இல்லாத வெளிநாட்டு வண்டியை வாங்கியவர் வண்டியோடு வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். சேகரிப்பாளர் விலை பேசும்போது துருவை வெட்டி ஒட்டலாம், எண்ணெய் உருளையை மாற்றலாம். தொலைந்த காகிதத்தை மட்டும் எந்தப் பட்டறையும் செய்து தராது, செய்து தந்தால் அது வேறு குற்றம். பழைய மாதிரிகளுக்கு உதிரிப் பாகம் கொடுப்பதற்கென்றே மெர்சிடிஸ் நிறுவனம் 1993இல் ஜெர்மனியின் ஃபெல்பாக்கில் ஒரு மையத்தைத் தொடங்கியதும் இந்த வண்டிக்குச் சாதகம். காசு இருந்தால் பாகம் உண்டு.

காசைத்தான் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். விளக்கத்துக்காக, இன்று இந்த வண்டிக்குப் பத்து லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், குழாய்கள், எண்ணெய் உருளைகள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் ஆர்.சி. கட்டணம் எல்லாவற்றையும் சராசரியாக்கி ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றும் கொள்வோம். முறையாகப் பேணுகிறவருக்கு இது மிகையான தொகையன்று. வண்டியை இன்றே விற்றுப் பத்து லட்சத்தை ஏழு விழுக்காடு வட்டியில் போட்டால் பதினைந்து ஆண்டில் அது ஏறக்குறைய 27.5 லட்சமாகும். ஆண்டுதோறும் செலவழியாமல் மிஞ்சிய ஒரு லட்சமும் அதே வட்டியில் சேர்ந்தால் இன்னொரு 25 லட்சம். ஆகமொத்தம் 52 லட்சத்துக்கு மேல். வட்டிக்கு வருமான வரி உண்டு, சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் காரை விற்று வரும் இலாபத்துக்கோ மூலதன ஆதாய வரி இல்லை என்பதைக் கணக்கில் எடுத்து, வட்டியில் ஐந்து விழுக்காடே கையில் நிற்பதாகக் கொண்டாலும் 42 லட்சம் ஆகிறது. பத்து லட்சத்து வண்டி பதினைந்து ஆண்டில் நாற்பது லட்சமாக வளர்ந்தால்கூட அது புதையல் இல்லை, அஞ்சலகச் சேமிப்புக்குச் சமமான ஒன்றுதான். கோடி என்ற சொல் இந்தக் கணக்கில் எங்கும் தலைகாட்டவில்லை.

எனவே நான் அவரிடம் சொன்னது இதுதான். இந்த மாதிரி வண்டி உலகச் சந்தையில் மரியாதை பெற்றுவிட்டது, வரும் ஆண்டுகளில் நல்ல வண்டிகளின் விலை மெல்ல உயரவே வாய்ப்பு. ஆனால் அந்த உயர்வு 500க்கும் 600க்கும் முதலிலும், ஆறு சிலிண்டருக்குக் கடைசியிலும் வரும். அதிலும் துரு இல்லாத உடலும் முழு ஆவணமும் உள்ளவற்றுக்கே வரும். ஆவணம் உங்களிடம் இருக்கிறது. உடல் இருக்கிறதா என்பது அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். விற்பதற்காக வைத்திருப்பதென்றால் இந்தக் கொட்டகையில் வைக்காதீர்கள். மதுரையிலோ பரமக்குடியிலோ உறவினர் வீட்டில் காற்றோட்டமுள்ள, தரை காய்ந்த ஓர் அறை கிடைத்தால், அது ஆண்டுக்கு ஒரு லட்சம் செலவழிப்பதைவிட அதிகம் காப்பாற்றும். வாப்பாவின் நினைவாக வைத்திருப்பதென்றால் விலைக் கணக்கே வேண்டாம், வாரம் ஒருமுறை ஓட்டுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். இடப்பக்கப் பின் ஜாக்கிப் புள்ளியின் மூடி இல்லை. அவர் திருப்புளியின் முனையால் உள்ளே மெல்லத் தட்டியபோது முதலில் மணல் விழுந்தது, பிறகு காப்பித்தூள் நிறத்தில் ஒரு கைப்பிடி பொடி விழுந்தது. "மத்த மூணும் நல்லாருக்கு பாய், இத மட்டும் இப்பவே வெட்டி ஒட்டுனாப் பொழைச்சுக்கும்" என்றார். மகன் அந்தப் பொடியை ஒரு காகிதத்தில் அள்ளி வைத்துக்கொண்டு, பரமக்குடியில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டார்.